சிவப்புத் துணி கட்டாத கட்டி

லுவாங்வா ஆற்றங்கரை
மே 9

அன்பு மகள் தமண்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கோழிகளும் சுகம், மக்காச்சோளம் முற்றி நிற்கிறது, ஸ்காட்லாந்துக் குளிர் உன்னை எப்படி வைத்திருக்கிறது என்று எழுது. சஃபாரி விடுதியில் பசுமைச் சான்றிதழுக்கான சோதனை போன வாரம் ஒருவழியாக முடிந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் வெளிநாட்டுக் கம்பெனி விருந்தாளிகளை அனுப்பாது, விடுதியை மூடினால் நாற்பது குடும்பத்துக்கு வேலை போகும், அப்புறம் ஆற்றங்கரைக் காட்டை வெட்டிக் கரி சுட எத்தனை கை நீளும் என்று உனக்குத் தெரியாததா. அதனால் நான் சமைக்கும் விடுதிச் சமையலறையைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தேன். விறகே கிடையாது, யானைச் சாணக் கட்டிதான் எரிக்கிறோம், அதுதான் எங்கள் பெருமையே.

உன் அப்பாவும் வயலுக்கு வரும் யானையைக் காரப் புகை போட்டு விரட்ட அதே சாணத்தில் மிளகாயை இடித்துப் போட்டு, அதே அச்சில் கட்டி போடுகிறாரே, அவர் கட்டியும் என் கட்டியும் இரட்டைப் பிள்ளைகள். முற்றத்தில் கிழக்கே என்னுடையது, மேற்கே அவருடையது. சோதனைக்கு முந்தின நாள் காலம் தவறி மழை பிடித்துக்கொண்டது, அவசரத்தில் எல்லாவற்றையும் வாரி ஒரே மூலையில் குவித்துவிட்டேன். மறுநாள் காலையில் அதிலிருந்துதான் ஒரு சாக்கு எடுத்துப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல.

சோதிக்க வந்த கசொண்டே அம்மாள் பெம்பா இனத்துக்காரர், முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. அடுப்பருகே குனிந்து, “மரம் ஒண்ணுகூட வெட்டலையா, நெசமாவா” என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கட்டி நன்றாகப் பற்றியது. மகளே, அந்தப் புகையில் கசொண்டே அம்மாள், விருந்தாளிகள், மேலாளர் எல்லாரும் இருமிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினார்கள். தண்ணீர்த் தொட்டியருகே நின்ற ஒற்றைத் தந்த யானையும் ஒரு மோப்பம் பிடித்துவிட்டுக் காட்டுக்குள் ஓடியது. நாற்பது குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டேனே என்று நான் கரையில் உட்கார்ந்து அழுதேன், அதில் மிளகாய் எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

புகையைப் பார்த்து உன் அப்பா வயலிலிருந்து ஓடி வந்தார். கசொண்டே அம்மாள் மூக்கைச் சிந்தியபடி அவர் பெயரைக் கேட்டார். ஜெரே என்றதும், ங்கோனி இனமா என்று நிமிர்ந்தார் பார், எனக்குப் போன உயிர் திரும்பியது. அந்தக் காலத்தில் சண்டை போட்ட பெம்பாவும் ங்கோனியும் இப்போது கேலி முறையாயிற்றே, இழவு வீட்டில் வைதாலும் கோபப்படக் கூடாது. “ஏய்யா எலி தின்னி, ஒங்க தாத்தன் ஈட்டியால முடியாதத நீ மிளகாயால முடிக்கப் பாக்குறியா” என்று கேட்டார். அப்பா விடுவாரா, “கொரங்கு தின்னு மரத்துப்போன வாய்க்குக் கொஞ்சம் காரம் இருக்கட்டும்னு எம்பொண்டாட்டிதான் நெனச்சா, அத்த மகளே” என்றார். மேலாளருக்கு முகம் செத்துவிட்டது, அவர் அந்நியர், பாவம். கசொண்டே அம்மாளோ மணலிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

பிறகு படிவத்தை எடுத்து, யானையைக் கொல்லாமல் விரட்டும் வழி பலன் தருகிறதா என்ற இடத்தில் எழுதி, எங்களுக்கே படித்துக் காட்டினார். பலன் தருகிறது, யானை ஓடியதைக் கண்டேன், நானும் ஓடினேன் என்று எழுதியிருந்தார். சான்றிதழ் நேற்று வந்துவிட்டது. இப்போது மிளகாய்க் கட்டிக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டுகிறோம். உன் அப்பா அதில் ஒரு கிழிசலை என் தலைத்துணியில் முடிந்துவிட்டு, “இதுவும் அந்த வகைதான், பக்கத்துல நெருப்பு வைக்காதீங்க” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அங்கே வரும் நம் பாதிரியாரிடம் கடலையும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், சிவப்பு முடிச்சுதான் மிளகாய், மறந்துவிடாதே. கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆற்றங்கரைக் காடு அப்படியே நிற்கிறது, நீ வந்து பார்க்கும்வரை நிற்கும், அதற்கு நான் பொறுப்பு. புகைக்கும் நான்தான் பொறுப்பு.

உன் அம்மா,
எசினாலா ஜெரே