கோலத்தின் மேல் பூசிய பளபளப்பு

செப். 19, வெள்ளி

பேசாமல் இருந்தது போதும். அதனால் நல்லவன் என்ற பெயரும் வரவில்லை, நினைத்த காரியமும் நடக்கவில்லை. இனி எழுதிவைப்பது. யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் இஷ்டப்படி எழுதலாம்.

காலையிலிருந்து மேகம். சித்தேரி மலை இருக்கும் இடத்தில் வெறும் சாம்பல் நிறம். மாலை, தெருக்காரர்கள் கூட்டம், கு. வீட்டு மாடியில்.

கு. என்றால் குணசேகரன். கல்லூரியில் வேதியியல் துறைக்கு எனக்குப் பின்னால் வந்து, எனக்கு முன்னால் துறைத் தலைவர் ஆனவன். பாப்பிரெட்டிப்பட்டியில் வேறு மனையே கிடைக்காதது போல எங்கள் தெருவிலேயே வாங்கிக் கட்டினான். இப்போது தெருச் சங்கச் செயலாளர்.

விஷயம்: போன வருடம் தெருவில் பதித்த பேவர் கல். நிறம் மங்கிவிட்டது, ஓரமெல்லாம் பாசி, நடுவில் டிராக்டர் ஒழுக்கிய ஆயில். அதற்கு மேல் சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு பூசவேண்டுமாம். நல்ல பளபளப்பு ரகமாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், 30ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, ஆள் வருகிறதாம்.

எழுந்து நின்றேன். "அதுல ஒரு விஷயம் இருக்குதுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கு.: "சார் ஆரம்பிச்சா அப்புறம் மணி அடிச்சாத்தான் நிறுத்துவாரு. டீ ஆறுதுங்க, எடுத்துக்குங்க."

சிரிப்பு. மேல்வீட்டு மளிகைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். உட்கார்ந்துவிட்டேன். டீ குடிக்கவில்லை.

சொல்ல இருந்தது: கல் உள்வரைக்கும் காயாமல் பூசினால் வெளுத்துப்போகும். தெரு சரிவு, பளபளப்பு ஈரத்தில் வழுக்கும். ஆயுத பூஜை அன்று எல்லோரும் வண்டி கழுவுவார்கள், குங்குமம் அடைத்த பூசணிக்காயை நடுத்தெருவில் உடைப்பார்கள், அதுவும் புதுப் பூச்சின் மேல்.

கேட்க ஆள் இல்லை. விழட்டும். விழுந்த பிறகு என் முகத்தைப் பார்க்கட்டும்.

ஒருவர் மட்டும் விழக்கூடாது. கு.வின் மனைவி, தமிழ்ச்செல்வி டீச்சர். சின்ன வயதிலிருந்து இடது காலில் இரும்புச் சட்டம். தினமும் காலையில் இந்தச் சரிவில்தான் இறங்கி மொரப்பூர் பஸ்ஸைப் பிடிக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று தெரியவில்லை.

செப். 20, சனி

தூறல். புரட்டாசி முதல் சனி. என் மனைவி சாந்தி குளித்து நாமம் இட்டு, என்னைத் தவிர எல்லாப் பொருளோடும் பேசினாள். குக்கரிடம்: "விசில் வந்திருச்சு. பசிக்கறவங்க வந்து திங்கலாம்."

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. காரணம் அவள் தம்பியின் புதுமனை புகுவிழா, நான் போகவில்லை. வண்டியை விட்டு இறங்காமல், கேட்டுக்கு வெளியில் இருந்தபடியே பத்திரிகையை நீட்டியவன் வீட்டில் எனக்கு என்ன சாப்பாடு?

மழை விட்டபின் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். தெருக் கல்லெல்லாம் நனைந்து கறுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் வானம். சரிவு ஓர் ஓடைபோலக் கீழே போய்க்கொண்டிருந்தது. சைக்கிளில் போனவரின் கால் தண்ணீருக்குள் மிதிப்பதுபோல. வெயில் வந்ததும் எல்லாம் வெறும் சிமெண்டு.

இந்த நனைந்த நிறத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பூச்சு ஒன்று உண்டு. எங்கள் வீட்டு முற்றமும் அதே கல்தான். தெருவை விடு, என் வீட்டில் நான் சரியாகச் செய்து காட்டுகிறேன்.

செப். 21, ஞாயிறு

தர்மபுரி, பெயிண்ட் கடை. பாய் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"சார், டப்பா ரெண்டு வகை. ஒண்ணு கல்லுக்குள்ள இறங்கிடும், பூசினதே தெரியாது, தண்ணி மட்டும் ஒட்டாது. இன்னொண்ணு மேல தோலு மாதிரி நிக்கும், கண்ணாடி கணக்கா மின்னும். எல்லாரும் மின்னறதுதான் கேக்கறாங்க."

"வழுக்குமே."

"வழுக்கத்தான் செய்யும். மின்னணும், வழுக்கக்கூடாதுன்னா அதுல கலக்க ஒரு பொடி தர்றேன். மணல் மாதிரி இருக்கும். கலந்தா மினுமினுப்பு கொஞ்சம் கொறையும். அதனால ஒருத்தரும் வாங்கறதில்ல." பிறகு: "வூட்ல அம்மாகிட்டக் கேட்டுட்டீங்களா? வாசல் அவங்க டிபார்ட்மெண்டு."

கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே இறங்கும் ரகம் பெரிய டப்பா. மின்னுவது சின்ன டப்பா ஒன்று, கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும் உள்ள பட்டைக்கு மட்டும். அது தேவையில்லை. ஆனால் வாங்கினேன். பொடி வாங்கவில்லை.

செப். 22, திங்கள்

மொட்டை மாடியில் மிச்சக் கல் இரண்டில் பூசிப் பார்த்தேன். ஒன்று பூசாததுபோலவே. இன்னொன்று கிணற்றடியில் கிடக்கும் கூழாங்கல்போல. அதில் என் முகம், மூக்குக் கண்ணாடி, பின்னால் ஒரு காகம்.

காய்ந்த பின் இரண்டிலும் தண்ணீர் ஊற்றிச் செருப்பால் தேய்த்தேன். முதல் கல் பிடித்தது. இரண்டாவதில் செருப்பு தானாகப் போனது.

அப்புறமும் இரண்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப். 23, செவ்வாய்

நல்ல வெயில். முற்றம் கழுவினேன். இடுக்கில் முளைத்த புல்லைப் பழைய ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்தேன். வெள்ளையாக உப்புப் பூத்த இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். இடுக்குகளில் காய்ந்த மணல் கூட்டித் தள்ளுவது நாளைக்கு.

சாந்தி ஜன்னலில் நின்று மகளிடம் போனில்: "உங்கப்பாவா? கல்லுக்குப் பல்லு வெளக்கிக்கிட்டிருக்காரு."

காலையில் டீச்சர் போகும் சத்தம். டக், ஒரு சின்ன இடைவெளி, டக். கேட்டின் முன் நின்றார். "சார், ஏதோ பெரிய வேலையாட்டம் இருக்குது?" ஒன்றுமில்லை என்றேன். மனிதர்களிடம் நான் அதிகம் சொல்லும் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

செப். 24, புதன்

மணல் நிரப்பியாயிற்று. முற்றத்தின் நடுவில் ஒரு பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் தாளின் அடியில் வேர்த்திருந்தால் கல்லுக்குள் ஈரம். வேர்க்காவிட்டால் பூசலாம்.

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. தெரு முழுக்கத் தண்ணீர், ஆனால் ஆழம் இல்லை. துறைக் கூட்டம் தெருவிலேயே நடக்கிறது. எல்லோரும் நாற்காலியோடு மெதுவாகச் சரிவில் நழுவிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், கு. உட்பட. யாருக்கும் அதில் பயமில்லை. கு. கையசைக்கிறான். நான் மட்டும் கரையில். பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. விழித்தபோது வாய் கசந்தது.

செப். 25, வியாழன்

தாளின் அடியில் ஒரு துளி இல்லை. பூசலாம்.

வெயில் இறங்கிய பின் வேலை ஆரம்பம். முதலில் பெரிய டப்பா, ரோலரால், மெல்லியதாக. கல் குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கேட்டடிப் பட்டை. அங்கே சாந்தியின் காலைக் கோலம், எட்டுப் புள்ளித் தாமரை. துடைப்பத்தால் கூட்டினேன், மாவு இடுக்கில் லேசாக நின்றுவிட்டது. பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன டப்பாவைத் திறந்து பூசியதும் பட்டை கறுத்து ஆழமானது. புங்கமரம் தலைகீழாக அதற்குள் நின்றது. கிளைக்கு நடுவில் மாலை வெளிச்சம். அசையாமல் நின்று பார்த்தேன். இப்படி ஒன்று என் கையால் நடந்து எவ்வளவு காலம்.

செப். 26, வெள்ளி

பட்டை முழுக்க வெள்ளை. பாலில் தண்ணீர் ஊற்றியதுபோல, இல்லை, மலையடிவாரத்தில் விடியும்போது கிடக்கும் பனிபோல. பனிக்குள் மங்கலாகத் தாமரை.

சாந்தி குடத்தோடு நின்றிருந்தாள். பல நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை:

"என் கோலத்துக்கு எதுக்குங்க கண்ணாடி போட்டீங்க?"

"நேத்துக் காலையில இங்க தண்ணி தெளிச்சியா?"

"தினந்தான் தெளிக்கறேன். ஒரு குடம் ஊத்தித்தான் கூட்டறேன். வாசல் தெளிக்காத வூடு எங்கயாவது உண்டா?"

"பூசறதுக்கு முன்னாடி ஈரம் படக்கூடாது! கேட்டடியில வெயிலே விழறதில்ல, மரத்து நெழலு. உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு வெளுத்துப்போச்சு பாரு! படிச்சுப் படிச்சு ஒருத்தன் நாள் பூரா..."

"என்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

முற்றத்தின் நடுவில் தாள் ஒட்டியவன், அவள் தினமும் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஒட்டவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவேண்டும் என்றால் முதலில் பேசவேண்டும். பேசினால் அவள் தம்பி வண்டியை விட்டு இறங்காதது சரி என்று ஆகிவிடும்.

குனிந்து அந்த வெள்ளையை விரலால் தொட்டாள். "பார்க்க நல்லாத்தான் இருக்குதுங்க," என்றாள். "தூக்கத்துல தெரியற மாதிரி."

மதியம் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். கத்திரிக்காய்க் கடைசல், மோர். குக்கரிடம் யாரும் பேசவில்லை.

செப். 27, சனி

மதியம் ஒரு பொடித் தூறல். மாலை டீச்சர் வந்தார், புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்த தளிகை, எவர்சில்வர் டப்பாவில் புளியோதரையும் சுண்டலும். நான் போர்ட்டிகோவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "சாந்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தார்.

இரும்புக் கால் முன்னே போனது. சத்தமே இல்லாமல் போனது, அதுதான் பயங்கரம். ஒரு கை கேட்டுக் கம்பியில். உடம்பு ஒரு பக்கமாகத் தொங்கியது. நான் ஓடினேன், பட்டையில் கால் வைத்ததும் எனக்கும் வழுக்கி, ஒரு முழங்கால் ஊன்றி, அவர் முழங்கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் அந்த வெள்ளைத் தாமரையின் மேல் ஏதோ நடன ஒத்திகைபோல.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். "நல்ல வேளைங்க சார், சுண்டல் கொட்டல."

சாந்தி நாற்காலி கொண்டுவந்தாள், தண்ணீர் கொடுத்தாள். சிரிப்பு நின்ற பிறகு சொன்னார்:

"எங்க வூட்டுக்காரரு தெரு முழுக்க இதையேதான் போடப்போறாராம். எனக்கு இப்பவே பயமா இருக்குதுங்க. வழுக்குங்கன்னா, 'உனக்குத் தரையிலயே வழுக்கும்'ங்கறாரு. மழை மாசம் பூரா நான் எப்படி எறங்கறது? லீவு போட்டுட்டு வூட்லயே உக்காந்துக்க வேண்டியதுதான்." என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்களேன் சார். உங்க சப்ஜெக்டுதானே."

"சொன்னேங்க. டீ குடிக்கச் சொன்னாரு."

டீச்சர் தலை குனிந்துகொண்டார். சொல்லியிருக்க வேண்டாம். அதை அவரிடம் சொல்லி என்ன வாங்கப்போகிறேன்? புளியோதரை நன்றாக இருந்தது.

செப். 28, ஞாயிறு

வெளிறிய வெயில். மலை தெரிகிறது, ஆனால் தூரம் அதிகமானதுபோல.

தின்னரும் பழைய துணியும் வைத்துப் பட்டையைத் தேய்த்துக் கழற்றினேன். பனி போனது, தாமரையும் போனது. சாந்தி பக்கத்தில் நின்று, "போனாப் போவுது, நாளைக்கு வேற போடறேன்" என்றாள். "நாளைக்குத் தண்ணி வேண்டாம்" என்றேன். "தெரியும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆள் வந்தால் தெரு முழுக்க இதுதான் நடக்கும். அன்று விடியும்போது ஒவ்வொரு வீட்டிலும் குடம் குடமாக ஊற்றியிருப்பார்கள். கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆண்கள். வாசல் தெளிப்பவர்கள் ஒருவரும் இல்லை. புதன்கிழமை பூசணிக்காய். அடுத்த மழைக்கு டீச்சர்.

கு.விடம் நேரில் போவது முடியாது. முயன்று பார்த்தேன், சட்டை கூடப் போட்டுக்கொண்டேன். அவன் வீட்டுக் கேட் வரைக்கும் நடந்து, எதையோ வீட்டில் மறந்துவைத்தவன்போலத் திரும்பிவிட்டேன். மாடியில் அவன் சிரிப்புச் சத்தம்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு முழுப் பக்கம். நுண்துளை, ஈரப்பதம், உராய்வு. சாந்தி வாங்கிப் படித்தாள்.

"இது யாருக்குங்க? பரீட்சைக்கா?"

"அப்ப நீயே சொல்லு."

போனை எடுத்து அவளே டைப் அடித்தாள். நான் சொல்லச் சொல்ல, அவள் பாதியை விட்டுவிட்டு:

தெருவுல பூச்சு வேலையை ஆயுத பூஜை முடிஞ்சு, பூசணிக்காய்க் கறையெல்லாம் கழுவினப்புறம் வெச்சுக்கலாம். பூசறதுக்கு முன்னாடி நல்லாக் காயணும், வெயில் அடிக்கிற நாளாப் பாத்து ரெண்டு மூணு நாளைக்கு யாரும் வாசல் தெளிக்க வேண்டாம். கோலம் வூட்டுப் படியில போட்டுக்கலாம். சரிவுல மின்னற பூச்சு வேண்டாம், மழையில வழுக்கும், ஒருத்தரு ஏற்கனவே விழப்பாத்தாங்க. கல்லுக்குள்ள இறங்கற பூச்சு போதும். மின்னியே ஆகணும்னா பொடி கலந்து பூசுங்க, கடையில கேட்டாக் குடுப்பாங்க.

"யாரு விழப்பாத்தாங்கன்னு போடலியே?"

"எல்லாருக்கும் தெரியுங்க. இந்தத் தெருவுல அந்தக் கால் சத்தம் கேக்காத வூடு எது?"

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்தாள். பால் பூத்துப் பக்கத்தில் சங்கத்து அறிவிப்புப் பலகை. கீழே கொஞ்சம் வெற்றிடம்.

"உங்க பேரு எழுதிக்கறீங்களா?"

பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். பெயர் இருந்தால் கு. படிக்கும் முன்பே வேண்டாம் என்பான், மளிகைக்காரர் தொடையில் தட்டுவார், செவ்வாய்க்கிழமை ஆள் வந்துவிடும். பெயர் இல்லாவிட்டால் நாளை மாலைக்குள் அது கு.வின் யோசனை ஆகிவிடும். மாடியில் கூட்டம் போட்டு அவனே விளக்குவான். எல்லோரும் கேட்பார்கள். டீ ஆறாது. நான் கடைசி நாற்காலியில்.

அந்தக் காட்சி கொஞ்ச நேரம் கண்ணில் நின்றது. எரிந்தது. அதற்குக் கீழே, தூரத்தில், சரிவில் யாரோ இறங்கும் சத்தம். டக். இடைவெளி. டக்.

பேனாவை மூடினேன். காலையில் பால் வாங்கப் போகும்போது, பெயர் இல்லாமலே ஒட்டிவிடுவது.