பனிக்கட்டிக்குள் ஒத்தக்கண்ணன்

2025 மே 2, வெள்ளி

மூன்று வாரமாக ஐஸ் வெள்ளை வெளேரென்றே வருகிறது. உள்ளே மீன் இருக்கிறது என்று போர்டு எழுதி வைத்தால்தான் தெரியும். போர் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள் என்று நான் சொன்னபோது இவர் சிரித்தார். இன்று மெக்கானிக் பச்சையப்பன் அதையே சொன்னதும், “அட, ஆமால்ல!” என்கிறார். வீட்டுக்காரி சொன்னால் எங்கே ஏறுகிறது?

திருக்கனூரில் மூன்று தலைமுறையாக மளிகை வியாபாரம் செய்யும் குடும்பம். இவருக்கு மட்டும் இந்த ஆசை. மூலக்குளம் தாண்டி, சும்மா கிடந்த அரிசிக் கிடங்கைக் குளிர்கூடமாக்கி, பனிச் சுவருக்குள் மீன்களை உறையவைத்து டிக்கெட் போட்டுக் காட்டுவது. பெயர் ‘பனிமீன் மாளிகை’. பீச் பார்க்க வருகிற கூட்டம் இங்கேயும் வருமாம். ஒன்பதாம் தேதி திறப்பு.

மே 4, ஞாயிறு

அண்ணன் போன் செய்தார். வெண்ணிலாவுக்குக் காது குத்த ஜூன் 8 நல்ல நாளாம். கத்திரியும் முடிந்துவிடும். “பாப்பாவுக்கு என் மடி ரெடியா கீது, நீ தோடு எடுத்து வை” என்றார்.

தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் எந்தக் குழந்தைக்கும் காது குத்துவதில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

மே 6, செவ்வாய்

தடைக்காலம். பெரிய போட் எதுவும் கடலுக்குப் போகவில்லை. சுவருக்கான வஞ்சிரம், பாறை மீன் எல்லாம் முன்கூட்டியே வாங்கியாயிற்று. வாசலில் வைக்கிற பெரிய பனிக்கட்டிக்கு மட்டும் மீன் இல்லை. இவருக்குத் தூக்கமும் இல்லை.

மே 7, புதன்

கிடைத்துவிட்டது. பதினாறு கிலோ கட்லா. பாகூர் பக்கம் ஒரு குளத்தில் தூர் வாருகிறவர்களிடம் வாங்கியதாம். குதித்துக்கொண்டு வந்து காட்டினார்.

இடது கண் இல்லை. உதட்டில் அதே வெட்டு.

நான் பிறந்த ஊர் அம்மன் கோயில் குளத்து ஒத்தக்கண்ணன். அந்தக் குளத்தில் யாரும் தூண்டில் போடமாட்டார்கள். மீன் செத்து மிதந்தால்கூட மஞ்சள் தடவிக் கரையில் புதைப்பதுதான் வழக்கம். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லாமல், நாற்பத்தெட்டு நாள் இதற்குப் பொரி போட்டு வேண்டிக்கொண்டவள் நான். அதற்கப்புறம்தான் வெண்ணிலா. தூர் வாருவதற்காக மீன்களை ஏரிக்கு மாற்றுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். வழியில் யாரோ விற்றிருக்கிறார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். நாளை மறுநாள் திறப்பு. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு கண் இல்லாத கட்லா வேறு இருக்கக்கூடாதா — இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். அதற்குள் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்.

மே 8, வியாழன்

ஐஸ் இந்த முறை கண்ணாடி மாதிரி வந்தது. என் யோசனைதான்.

மே 9, வெள்ளி

திறப்பு. நல்ல கூட்டம். பல்லெல்லாம் தந்தியடிக்க எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். ஒரு அம்மா வஞ்சிரத்தைக் காட்டி, “இது கிலோ இன்னா வெல?” என்று கேட்டார். தடைக்காலத்தில் அவர் கேட்டதும் நியாயம்தான். ஒத்தக்கண்ணன் பக்கம் நான் போகவே இல்லை.

மே 11, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். இவரே அவர்களுக்குக் குளிர் ஜாக்கெட் மாட்டிவிட்டு, முதலில் வாசல் கட்டிக்கு அழைத்துப்போனார். அண்ணன் ஐஸ் மேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

“மாப்ள, இத்த எங்க வாங்கினீங்க?”

இவர் பெருமையாகச் சொன்னார். அண்ணன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். “கோயில் மீன என் தங்கச்சி வூட்டுக்காரர் டிக்கெட் போட்டுக் காட்றாருன்னு ஊர்ல போயி சொல்லவா?”

தெரியாது என்று இவர் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். அண்ணன் நம்பவில்லை. “அருளுகிட்ட ஒரு வாட்டி காட்டினீங்களா? அவ பாத்திருந்தா விட்டிருப்பாளா?”

நான் பக்கத்தில் நின்று அழுதேன்.

மே 12, திங்கள்

ஜூன் 8-க்கு அண்ணன் வரமாட்டாராம். அண்ணி போனில் சொன்னார்.

மே 13, செவ்வாய்

இவர் சாப்பிடவில்லை. “உனக்குக் காட்டினனே அருளு, நீ சரியா பாக்கல போல. பாவம், உன்ன ஏன் இதுல இழுக்கணும்னுதான் மச்சான்கிட்ட சொல்லல” என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, மோர் வேண்டுமா என்று கேட்டேன். சீ.

மே 15, வியாழன்

மீனை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் முடிவு. கடப்பாரை படக்கூடாது, தானாகக் கரைய வேண்டும். காலை ஏழு மணிக்கு டிராக்டரில் கட்டியைக் கொண்டுபோய்க் குளத்தங்கரையில் இறக்கினோம். பக்கத்துச் செலியமேட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். மாளிகைக்கு ஒரு வாரமாக வந்த கூட்டத்தைவிட இது அதிகம்.

கட்டிக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அண்ணன். மாற்றி மாற்றிச் சொம்பில் தண்ணீர் ஊற்றினார்கள். பகல் இரண்டு மணிக்கு வால் வெளியே வந்தது. யாரோ இவரை, “துட்டுக்காக எதையும் செய்வானுங்க” என்றார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றினார்.

“அண்ணா, அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். வந்த அன்னிக்கே பாத்தேன். திறப்பு கெட்டுடும்னு சொல்லாம வுட்டுட்டேன்.”

அண்ணன் சொம்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. “மாப்ள, வெயில்ல உக்காந்துனு கீறீங்க. இப்படி நெழலுக்கு வாங்க” என்றார்.

ஐந்து மணிக்கு மஞ்சள் தடவிப் புதைத்தார்கள். திரும்பி வரும்போது டிராக்டரில் இவர், “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான்.

மே 25, ஞாயிறு

வாசல் கட்டிக்குள் இப்போது செயற்கைப் பாசி மட்டும். யாரும் குறை சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

அண்ணன் வருகிறாராம். இவருக்குத்தான் போன் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

காது குத்தியாயிற்று. அண்ணன் பதினோரு தட்டு சீரோடு வந்தார். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, எதிலும் குறையில்லை. வெண்ணிலா அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டாள். வாயில் சர்க்கரை போட்டுத் தோளில் சாய்த்துக்கொண்டார். இவரிடம் மூன்று தடவை, “மாப்ள, சாப்டீங்களா?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு நிறைவாக இருந்தது. அதுவும் உண்மைதான்.

கிளம்பும்போது பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, “மாமா போயிட்டு வர்றேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு” என்றார்.

வெண்ணிலா என் இடுப்பில்தான் இருந்தாள்.