மாசி வெயிலில் நான் காட்டிய இடம்

மேலே சரிவில் மானாப்புல் வெட்டுகிறார்கள். அந்த எலுமிச்சை வாசனை காலையிலிருந்து என் சமையலறைக்குள் நிற்கிறது. வெளியூர்க்காரர் வந்து கூடாரம் அடித்துத் தங்குகிற கேம்ப் ஒன்று நம் மலைக்கு வருகிறது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நடந்ததில் பாதி என் வண்டவாளம் என்பதால் நானே உனக்கு எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு உன்மேல் பொறாமை. நீ இருந்தபோதும் பொறாமை, இப்போதும் பொறாமை. நம் தண்ணீர்ச் சங்கத்தில் நீ தலைவி, நான் செயலாளர். கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது நான். கடிதம் எழுதியது நான். இரத்தோட்டைக்கு பஸ் ஏறிப்போய் அலுவலக வாசல்களில் கால் கடுக்க நின்றது நான். லயத்து வீடுகளுக்குப் பொதுவான குழாய், அந்தப் பீலியில் தண்ணீர் விழுந்தால் லயத்துச் சனம் உன் பெயரைத்தான் சொல்லும்.

நீ செய்தது ஒன்றே ஒன்று. மார்கழி மழை பிடித்ததும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையேறுவாய். மழைக்கு மட்டும் கண் திறக்கிற ஊற்றுகளைத் தேடிப் பிடித்து, பக்கத்துக் கல்லில் கத்தியால் ஒரு கோடு கீறுவாய். அந்த ஊற்றெல்லாம் நம் தண்ணீர்த் தாங்கிக்குத்தான் இறங்குகிறது. ஒரு தடவை நானும் கூட வந்தேன். என் இரண்டு காலிலும் அட்டை. உன்னை ஒன்றுகூடக் கடிக்கவில்லை. அதற்கும் என் வயிறு எரிந்தது.

"வெயில்ல வந்து பாத்தா இந்த மலை ஒன்னும் சொல்லாது புள்ள," என்றாய்.

"ஆமா, ஒங்கிட்ட மட்டுந்தான் பேசும்," என்றேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு நான் வரவில்லை.

போன வருஷம் மாத்தளையிலிருந்து ஒரு முதலாளி வந்தார். கேம்புக்கு அனுமதி கொடுக்குமுன் ஊரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. சமையல் வேலை, வழிகாட்டி வேலை வந்தால் நம் பிள்ளைகள் கார்மென்ட் தையலுக்கும் குவைத்துக்கும் போகவேண்டாம். ஆனால் போத்தல் குவியும், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், காற்றுக் காலத்தில் ஒரு நெருப்புப்பொறி போதும், மானாக்காடு முழுக்க எரியும். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். அப்போது யாரோ, "அவ இருந்திருந்தா என்னா சொல்லியிருப்பா?" என்றார்கள்.

"அவ இல்ல. நான் இருக்கேன்," என்றேன். சொன்ன வேகம் எனக்கே உறைத்தது.

மறுவாரமே முதலாளியை நான் மேலே கூட்டிப்போனேன். அது மாசி மாதம், நல்ல வெயில். மலசலக்கூடக் குழிகளுக்கு எங்கே தோதுப்படும் என்று கேட்டார். கால் வைத்தால் புழுதி பறக்கிற ஒரு சமதரையைக் காட்டினேன். ஊருக்கு வேலை கொண்டுவந்தவள் என்று ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லவேண்டும் என்று ஆசை.

மார்கழி வந்தது. அதற்குள் கூட்டத்தைக் கேட்காமல், செயலாளர் என்று நானே சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கொடுக்க மட்டும் கை வரவில்லை. மழையில் தனியாக ஏறினேன். நான் காட்டிய சமதரையின் நடுவில் தண்ணீர் கொப்பளித்துக் கொண்டிருந்தது. பக்கத்துக் கல்லில் நீ கீறிய கோடு. மாசி வெயிலில் அது என் கண்ணில் படவே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சேற்றை அள்ளி அந்தக் கோட்டின்மேல் அப்பினேன். மழை கழுவியது. மறுபடியும் அப்பினேன்.

அன்று சாயந்தரக் கூட்டத்தில், "மழையில நானே போயி ஊத்த கண்டுபிடிச்சேன். அங்க குழி வெட்டினா எல்லாம் நம்ம பீலிக்குத்தான் வரும்," என்றேன்.

"அப்பிடியே அவ மாதிரி பேசுறா பாருங்க," என்றாள் ஒருத்தி. எனக்குக் கிடைத்த பாராட்டு இவ்வளவுதான்.

இன்னொருத்தி எழுந்தாள். அவள் மகள் கேம்பு சமையல் வேலையை நம்பி கார்மென்டை விட்டு வந்தவள். "அந்த எடத்த காட்டுனதே நீதானே? மொதலாளி வேணாம்னு போயிட்டா எம்மகளுக்கு என்னா வழி?"

அதற்குமேல் என்னால் நடிக்க முடியவில்லை. "காட்டுனது நாந்தான். கண்டுபிடிச்சது அவ. கல்லுல கோடு இருந்திச்சி. நான் சேத்த பூசி மறைச்சேன்," என்றேன்.

கையெழுத்துப் போட்ட கடிதத்தை எல்லார் முன்னாலும் கிழித்தேன். முதலாளி போய்விடவில்லை. ஊற்றில்லாத அந்தப் பக்கத்துச் சரிவுக்கு மாறிக்கொண்டு, கூடாரத்தைப் பாதியாகக் குறைத்தார். அதற்கு ஊர் சம்மதித்தது. வேலையும் பாதியானது. அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பழையபடி கார்மென்டுக்குப் போய்விட்டாள். அவள் அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. சங்கத்தில் மாட்டியிருக்கிற உன் படத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறாள். திட்டு வாங்க நான், பூ வாங்க நீ.

உனக்காக அழுதவர்கள் எல்லாரும் அழுது முடித்துவிட்டார்கள். உன்னைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் இப்போது ஒரு நிம்மதிகூட வந்துவிட்டது. எனக்கு அது வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் வாயைத் திறக்குமுன் உன்னை எப்படி ஜெயிப்பது என்றுதான் யோசிக்கிறேன். செத்துப்போனவளோடு யாராவது போட்டி போடுவார்களா? நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.