சிதறால் கொல்லாமரத்து எட்டுக்காலி

உன் பழைய குப்பியின் வாயில் இருந்த மெழுகை உடைத்துப் பஞ்சை இழுத்ததும் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். “ஏட்டி, இஞ்ச வந்து இதப் பாத்தியா?” என்று, அடுப்பில் எது கருகினாலும் கவலைப்படாமல் கூப்பிடுகிற அதே குரல். கொஞ்ச நேரம் குப்பியிலிருந்து மூக்கை எடுக்க மனம் வரவில்லை. யாராவது பார்த்திருந்தால் கணக்கு டீச்சருக்கு இந்த வயதில் புதுப்பழக்கம் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள்.

உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஆனால் எதையும் முதலிலிருந்து கேட்டால்தான் உனக்குத் திருப்தி. முதலிலிருந்தே சொல்கிறேன்.

மிஷன் பெண்பள்ளி விடுதியில் நமக்கு ஒரே அறை. நான் கணக்கு டீச்சர், நீ இயற்கைப் பாட டீச்சர். மற்றவர்கள் சேலைக்கு வண்ணம் தேடிக்கொண்டிருந்த வயதில் நீ குதிக்கும் சிலந்திகளைத் தேடி அலைந்தாய். வலை கட்டிக் காத்திருக்காமல் பாய்ந்து இரை பிடிக்கிற சின்ன ஜாதி. கிட்டே போனால் திரும்பி நின்று நம்மையே பார்க்கும். அந்தப் பார்வைதான் உனக்குப் பிடிக்கும் என்பாய். மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் ஸ்பிரிட் வாங்கி வந்து அவற்றைக் குப்பிகளில் போட்டாய். மதுவிலக்குக்குக் கையெழுத்து வாங்கித் திரிந்த நம் வார்டன் அம்மாள் ஒருநாள் வாடை பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தபோது, ஒரு குப்பியைத் தூக்கிக் காட்டி, “குடிக்கது நானில்ல அம்மா, இதுதான்” என்றாய். அம்மாள் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

சிதறால் மலைக்கு நாம் போனது பழத்துக்காக. பாறையில் செதுக்கிய சமண உருவங்களைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, முந்திரி பழுத்து நின்ற ஒரு கொல்லாமரத்தைக் கண்டு நீ கிளையை வளைத்தாய். முசுறு கொட்டியது. செவ்வெறும்புகள் கழுத்திலும் கையிலும் ஏறிக் கடிக்க, நான் உதறிக்கொண்டு ஓடினேன். நீ ஓடவில்லை. ஒரு கையை மட்டும் நீட்டிப் பிடித்தபடி நின்றாய்.

“இது கடிக்கல்ல. எல்லாம் கடிக்குது, இது மட்டும் கடிக்கல்ல.”

நீ கையைச் சாய்த்ததும் அந்த எறும்பு கீழே விழாமல் ஒரு நூல் விட்டுத் தொங்கியது. “உறும்பு நூலு விடுமா மக்கா?” என்று கேட்டாய். எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு மாதிரித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. நீ எட்டுக் கால் எண்ணினாய். கூட நின்று நானும் எண்ணினேன்.

சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார மிஷனரி அம்மாள் உனக்கு விட்டுச்சென்ற சிலந்திப் புத்தகத்தில் அதன் படம் இருந்தது. கிடைக்கும் இடம் என்ற வரியில் ‘இலங்கை’ என்று மட்டும் போட்டிருந்தது. நம் திருவிதாங்கூர் இல்லை. நீ பென்சிலைக் கூர்சீவி, பக்கத்தில் ‘சிதறால்’ என்று எழுதினாய். பிறகு இடம், மரம், நாள், உன் பெயர் எல்லாம் எழுதிய சீட்டைக் குப்பிக்குள் போட்டு, பஞ்சு அடைத்து, மெழுகு உருக்கி ஊற்றித் பூச்சி, சிலந்தியெல்லாம் சேர்த்துவைக்கிற, தொலைவிலிருந்த ஒரு காட்சிசாலைக்குத் தபாலில் அனுப்பினாய். அந்த நாட்களில் நீ நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

குப்பி திரும்பி வந்தது. இதற்கு ஆறு கால்தான் இருக்கிறது, இது எறும்பு, எறும்பு எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது என்று இரண்டு வரி. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஆறுதான்.

“நூலுல தொங்கிச்சே, ரெண்டு பேரும் பாத்தோமே” என்று சண்டை போட்டேன்.

“வேற ஏதாம் நூலுல சிக்கித் தொங்கியிருக்கும். ஆசைப்பட்டு எட்டுன்னு எண்ணிட்டேன் போல. எனக்க கண்ணுதான் கள்ளம் சொல்லியிருக்கு.”

கண்டதை மட்டும் எழுதுங்கோ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. அன்றே ரப்பரை எடுத்து ‘சிதறால்’ என்பதை அழித்தாய். அதன்பின் எந்தக் குப்பியையும் நீ தொடவில்லை. அந்தக் காட்சிசாலைக்காரர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. அவர் ஒரு பூச்சியை மறுத்தார். நீ உன் கண்ணையே நம்பாமல் போனாய்.

அடுத்த வருஷம் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. புத்தகத்தையும் குப்பியையும் என் பெட்டியில் வைத்துவிட்டுக் கப்பலேறினாய். அங்கிருந்து ஒருமுறை எழுதியிருந்தாய்: “இஞ்ச செம்பரத்தி வேலியில அது ஓடுது மக்கா. எண்ணினேன், எட்டு. நம்மளுது உறும்புதான்.” மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது.

சிதறாலுக்கு நான் அப்புறம் போகவில்லை. நீ காட்டாமல் எனக்கு எதுவும் கண்ணில் படாது.

இன்று பெட்டியை ஒதுக்கும்போது குப்பியில் ஸ்பிரிட் வற்றி அடியில் நின்றது. காய்ந்துவிடக் கூடாதே என்று புதிதாக வாங்கி வந்து, ஊற்றுவதற்காக மெழுகை உடைத்தேன். நீ உருக்கி ஊற்றிய அதே மெழுகு, அதுவரை யாரும் உடைக்காதது. காட்சிசாலைக்காரர் கண்ணாடிக்கு வெளியே இருந்தே பார்த்து அனுப்பியிருக்கிறார். நாமும் அப்படித்தான் பார்த்தோம். இழுத்த பஞ்சின் அடிப்பக்கத்தில் இமைமயிர் மாதிரி ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது. வெள்ளைச் சாஸரில் ஸ்பிரிட் விட்டு, ஊசியால் பிரித்துப் போட்டேன்.

கால்கள். இரண்டு. தபாலில் குப்பி குலுங்கியபோது உடைந்து பஞ்சில் மாட்டியிருக்கின்றன.

நான் கணக்கு டீச்சர். ஆறும் இரண்டும் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இருந்தும் குழந்தை மாதிரித் திரும்பத் திரும்ப எண்ணினேன், எண்ணி எண்ணி அழுதேன். உன் கண் கள்ளம் சொல்லவில்லையடி. இதைச் சொல்வதற்கு நீ இருந்திருக்க வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

உடைந்த கால்களைச் சிறு குப்பியில் தனியாகப் போட்டு, இரண்டு குப்பிகளையும் சேர்த்து நாளைக்கு அதே காட்சிசாலைக்கு அனுப்புகிறேன். உன் சீட்டை வைத்துக்கொண்டு பிரதி எழுதி அனுப்பலாமா என்று ஒரு சபலம் வந்தது. “சீட்டு பிரிஞ்சா, அது எந்த ஊருன்னு ஆரு சொல்லுவா?” என்பாய். உன் கையெழுத்தோடேயே போகட்டும். இந்த முறை மெழுகை உடைத்துப் பார்க்கும்படி கேட்டு எழுதியிருக்கிறேன், கொஞ்சம் காரமாகத்தான்.

புத்தகம் என்னிடம் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நீ அழித்த இடத்தில் பென்சில் அழுத்திய பள்ளம் இன்னும் இருக்கிறது. அதன் மேலேயே பேனாவால் எழுதினேன். கண்டதைத்தான் எழுதினேன்.

இலங்கை, சிதறால். நீ கிடக்கிற மண்ணும் நான் இருக்கிற மண்ணும் இப்போது ஒரே வரியில் இருக்கின்றன.