வராத விருந்தினருக்கு வரவேற்புரை

ஜூலை 3

விசா இல்லையாம். மாலைச் செய்தியில் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். எம்.பி. அம்மா வரப்போவதில்லை.

எங்கள் ஊர் ஆலையின் முதலாளிகள் அவர் நாட்டுக்காரர்கள். ஆலை வந்த பிறகு பள்ளிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. குடித்த சின்னப் பிள்ளைகளுக்கு வாயெல்லாம் புண். எங்கள் வகுப்பு எழுதிய கடிதத்தை அவர் தம் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று படித்தார். அந்தத் தண்ணீரை நேரில் வந்து பார்ப்பேன் என்றார். பள்ளி ஆண்டு விழாவுக்கு வர ஒப்புக்கொண்டார். வரவேற்புரை என்னுடையது. எத்தனை நாள் மனப்பாடம் செய்தேன்!

'உள்நாட்டு விஷயத்தில் தலையிடுகிறார்' — இதுதான் காரணமாம். வாய்ப்புண் உள்நாட்டு விஷயமா?

அப்பா எழுந்து நடமாடுகிறார். டார்ச்சை அணைக்கிறேன்.

ஜூலை 4

என் பக்கத்து இருக்கைக்காரிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அதனால் அவள் பெயர் லவுட். இன்று மேஜை மேல் ஏறிவிட்டாள்.

"விசா குடு! இல்லன்னா இந்தத் தண்ணியக் குடி!"

பள்ளி விட்டதும் எல்லாரும் அதே கோஷத்தோடு எங்கள் மாவட்ட அதிகாரியின் அலுவலக வாசலில் போய் நின்றோம். நானும்தான். என் கால் எப்படிப் போனது என்று எனக்கே தெரியவில்லை. ஏனென்றால் அந்த அதிகாரியின் கார் டிரைவர் என் அப்பா. வாசலுக்குள் நின்று, ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

காவலர் எங்கள் பெயர்களை எழுத வந்தார். "உங்கப்பா பேரு என்னம்மா?" நான் வாசலுக்குள், கார்ப் பக்கம் பார்த்தேன்.

லவுட் முந்திக்கொண்டாள். "அவ என் தங்கச்சி சார். எங்கப்பா பேரையே எழுதிக்கோங்க."

இரவு அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பாப்பா, அந்த வண்டிச் சாவியிலதான் நம்ம அடுப்பு எரியுது. இந்த வீடும் அவங்க குடுத்ததுதான்." திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 8

விழா நிற்கவில்லை. சிறப்பு விருந்தினர்தான் மாறிவிட்டார். யார்? அதே அதிகாரி! விசா மறுத்தது சரி, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பேட்டி கொடுத்தவர்.

தலைமையாசிரியை கூப்பிட்டு, "உரை அப்படியே இருக்கட்டும்மா. பேரை மட்டும் மாத்திக்கோ. வீணா எதுக்கு ரெண்டு வேலை?" என்றார்.

பேரை மட்டும்.

ஜூலை 9

மாற்றினேன். கிழித்தேன்.

ஜூலை 10

நாளை விழா.

மாலையில் அப்பா காரோடு வந்தார். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் பெட்டியை டிக்கியில் ஏற்ற வேண்டும். ஒரு முனையை நான் பிடித்தேன்.

"ஐயா நம்ம பக்கம் வந்தா இங்கத்த தண்ணிய வாயில வைக்க மாட்டாரு."

"தண்ணி நல்லாத்தான இருக்குன்னாரு?"

அப்பா டிக்கியைச் சாத்தினார். கொஞ்சம் பலமாகத்தான்.

ஜூலை 11

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

மேடையில் விருந்தினருக்குத் தண்ணீர் வைப்பதும் வரவேற்புரை சொல்பவளின் வேலை. பள்ளிக் குழாயிலிருந்து கண்ணாடித் தம்ளர் நிறையப் பிடித்து வைத்தேன். அந்த மஞ்சள் கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும்.

மைக் முன் நின்றேன். பெயரை மாற்றவில்லை. "எங்கள் தண்ணீரை நேரில் பார்க்க விரும்பிய எம்.பி. அம்மா அவர்களே, உங்களை எல்லைக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த மேடை உங்களுக்காகப் போட்டது. வருக, வருக!"

பாதியில் மைக்கை அணைத்துவிட்டார்கள். லவுட் விடுவாளா? என் ஒத்திகையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம். கூட்டத்திலிருந்தே மீதியைச் சொன்னாள். அவளுக்கு மைக் எதற்கு?

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்தார். "குழந்தைங்களை யாரோ தூண்டி விட்டிருக்காங்க. தண்ணியில ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப குடிங்க சார்!" லவுட்தான்.

அதிகாரி தம்ளரை எடுத்தார். பார்த்தார். வைத்துவிட்டார். அரங்கமே அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவருகே நின்ற அப்பாவைக் கூப்பிட்டார். "டிரைவர், வண்டியில இருக்கற தண்ணிய எடுத்துட்டு வா."

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அவரை.

"ஏத்த மறந்துட்டேன் ஐயா."

பெட்டியின் மறுமுனையைப் பிடித்தவள் நான்.

ஜூலை 14

அப்பாவிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி பணிமனையில் டயர் கழற்றும் வேலை. சம்பளம் குறைவு. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்குப் பள்ளியில் ஒரு வாரத் தடை.

என்னால்தானே? என்னாலதான். ஆனா பேரை மாத்தியிருக்கணும்னு மட்டும் தோணவே மாட்டேங்குது.

அம்மா என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் பேசினாள். "இத்தன வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்ல, அன்னிக்குத்தான் மறந்துச்சாக்கும்!"

"வயசாகுதுல்ல."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஜூலை 29

எம்.பி. அம்மா மறுபடியும் விசா கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 12

மறுபடியும் இல்லை என்றுவிட்டார்கள்.

நாளை அதே அலுவலக வாசலில் நிற்கப்போகிறோம். இந்த முறை பெரியவர்களும் வருகிறார்கள். வரவேற்புரையை முழுசாகச் சொல்லப்போகிறேன், மைக் இல்லாமலே. பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை.

புது வீட்டில் ஒரே அறை. ஒளிந்து எழுத இடமில்லை. அப்பாவும் அம்மாவும் பார்க்கப் பார்க்கத்தான் எழுதுகிறேன். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. அப்பா பாயில் புரண்டு படுத்தார்.

"பாப்பா, நாளைக்கு அந்தப் போலீஸ்காரர் அப்பா பேரு கேட்டா என் பேரையே சொல்லு. பாவம், லவுட் அப்பாவுக்கு எதுக்கு வம்பு?"