பச்சைப் பொடி

அன்பு அக்காவுக்கு, மூன்று உலகமும் நடுங்கும் உன் தம்பி காலில் விழுந்து எழுதுவது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா?

நான் நலம். தசையில் சக்தி பொங்கும் என்று விற்ற ஏதோ செடிச்சாற்றுப் பொடியைக் கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடித்துவிட்டு, கிடங்கில் மூட்டை தூக்கியது போதாதென்று ஜிம்மில் பூமியையே தூக்கினேன். தொடை மரக்கட்டையாகிவிட்டது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகாராஜாவாகப் படுத்திருக்கிறேன்.

டாக்டரம்மா திட்டினார். "பயிற்சி செஞ்சா தசை தானா, மெதுவா, சக்தியை நல்லா எரிக்கக் கத்துக்கும். சில செடிச்சாறு அதுக்கு உதவலாம். அளவில்லாம குடிச்சுட்டு மாடு மாதிரி உழைச்சா, தசை உடைஞ்சு கிட்னியைக் கெடுத்துடும்யா!"

"சிங்கம் மாதிரி உழைச்சேன் டாக்டர்."

"சிங்கத்துக்கும் கிட்னி ரெண்டுதான்."

சிரித்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பேச ஆளில்லாமல் சலைன் பாட்டிலோடு பேசுகிறேன்.

அக்கா, ஒரு சின்ன வேலை. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் உன் மகனுக்கும் அதே பொடியில் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தேன். அதைச் சாக்கடையில் கொட்டு. அவனிடம் சிறுநீர் என்ன நிறம் என்று கூச்சப்படாமல் கேள். கறுத்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

காலையிலிருந்து உங்கள் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. அதனால்தான் நர்ஸம்மா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறார். அவன் ஓடப் போயிருப்பான், அவ்வளவுதான்.

ஊசி போட வருகிறார்கள். பார்த்தவுடன் கூப்பிடு அக்கா. அவனையே பேசச் சொல்.

உன் தம்பி