நான் திரும்பி வருவேன் என்பதற்கான காகிதங்கள்

மேட்டுக்காட்டில் பலா மரத்தடியில் இருக்கிற என் அஞ்சலைக்கு,

பயந்துவிடாதே. யாரையும் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன். ஒரு வரியை முடிப்பதற்குள் கரியாலூர்ப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து, மரத்தை மூடி, விலகிப் போய்விடுகிறது. போகட்டும். எனக்கு அவசரம் இல்லை. உனக்கும் இருக்காது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. கோகிலா டீச்சர் சொல்லிக் கொடுக்கிறார். எல்லாரும் அ, ஆ என்று தொடங்கியபோது நான் மட்டும், "எனக்கு ஞ மொதல்ல சொல்லிக்குடுங்க டீச்சர்" என்றேன்.

"இன்னாத்துக்கு ஞ? அத வச்சி இன்னா எழுதப் போறீங்க?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. உன் பெயரின் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது, உனக்குத் தெரியுமா? வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்ணைப் போல இருக்கும். எழுதக் கஷ்டம்தான். ஆனால் எழுதி முடித்ததும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இப்போது பெரிய செய்தி. நம் செல்வி முழுகாமல் இருக்கிறாள். அவள் இருப்பதை லண்டன் என்று இங்கே சொல்லிக்கொள்கிறோம். அவள் நர்ஸ் வேலை பார்க்கும் ஊர் அதற்கும் அப்பால் இருக்கிறதாம். அங்கேயும் பாதி நாள் மேகம்தானாம். ஒரு நாள் போனில், "அம்மா இருந்தா வந்திருக்கும். நீ வரியாப்பா?" என்று கேட்டாள். அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "வரேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் போவது என்று எனக்கு என்ன தெரியும்?

உன் தங்கச்சி பூங்காவனம் கைகொட்டிச் சிரித்தாள். "இன்னா மாமா, பிரசவத்துக்கு ஆம்பள போறதா? போயி இன்னா பண்ணுவ?"

"மருந்து கிண்டிக் குடுப்பேன்."

"சோத்தையே கொழைய வுடற ஆளு, மருந்து கிண்டப் போறியா?"

சிரித்தாளே தவிர, அவளேதான் சுக்கு, திப்பிலி, பூண்டு, வெல்லம் எல்லாம் வாங்கி வந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் அந்த மருந்தைக் கிண்டக் கற்றுக் கொடுத்தாள். முதல் தடவை சட்டி தீய்ந்தது. இப்போது நன்றாக வருகிறது. நீ கிண்டும்போது வந்த வாசனையே வருகிறது. அந்த வாசனையில் கண்ணை மூடிக்கொண்டால், நீ அடுப்பைப் பார்த்துக் குனிந்திருப்பது தெரிகிறது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விசாவுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். பெயர் கேட்டார். சொன்னேன்.

"வெள்ளையனா? வெள்ளக்காரன் ஊருக்குப் போறதுக்கு வெள்ளையனுக்கு எதுக்கு பெரியவரே விசா?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

செல்வி அனுப்பிய காகிதங்களைப் பார்த்தார். அவள் என்னைக் கூப்பிடுகிற கடிதம், சம்பளக் காகிதம், வீட்டுக் காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "அவ கூப்பிடறா, சரி. ஆனா நீ அங்கயே தங்கிடாம திரும்பி வருவேன்னு எது சொல்லும்? அதுக்குத்தான் காகிதம் வேணும். நெலம் கீதா?"

"மேட்டுக்காடு கீது."

"பட்டா?"

"கேட்டுக்கினே இருக்கோம்."

"பேங்குல ஏதாவது?"

"நூறு நாள் வேலக் காசு வரும், போவும்."

"சம்சாரம்?"

"இருக்கா. மேட்டுல."

"அத மொதல்ல சொல்ல வேணாமா! பொண்டாட்டி ஊருல இருந்தா புருசன் திரும்பிடுவான்னு அவங்களுக்குத் தெரியும்" என்று பாய் சந்தோஷமாகக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை அஞ்சலை. வாயில் அப்படித்தான் வந்தது. காலையில் காட்டுக்குப் போகும்போது யாராவது எங்கே என்று கேட்டால், அஞ்சலை இருக்கிற பக்கம் போகிறேன் என்றுதானே சொல்கிறேன்? யாரும் அதைத் திருத்தியதில்லை.

அடுத்த தடவை போனபோது பாய், "சம்சாரத்தோட ஆதார் கொண்டாந்தியா?" என்று கேட்டார். "அத அடக்கம் பண்ணப்பவே எங்க வச்சோம்னு தெரியலயே" என்றேன். பாய் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மேட்டுலன்னா... அந்த மேடா?"

"ஆமா. பலா மரத்தாண்ட."

"அய்யோ பெரியவரே! இல்லாதவங்கள இருக்காங்கன்னு போட்டா பொய் சொன்னதா ஆயிடும். அப்புறம் பொண்ணப் பாக்கவே வுட மாட்டாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மாவ நானும் அப்பிடித்தாங்க சொல்லுவேன். கம்ப்யூட்டருல மட்டும் சொல்ல மாட்டேன்."

அவர் ஏதோ அழித்தார், ஏதோ போட்டார். பிறகு நீ ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய நாளைக் கேட்டுத் தட்டினார். மிஷின் ஒரு தாளைத் தள்ளியது. உன் இறப்புச் சான்றிதழ். இத்தனை காலமாக அதை நான் வாங்கவே இல்லை. வாங்கி என்ன செய்வது என்று இருந்துவிட்டேன்.

"பேரு சரியா இருக்குதான்னு யாராவது படிச்சவங்ககிட்ட காட்டிக்குங்க" என்றார் பாய்.

நானே படித்தேன். விரலை வைத்து, சத்தமாக, அ, ஞ், ச, லை. அது எப்பேர்ப்பட்ட தாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், நீ திட்டினாலும் சரி, எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அச்சில் உன் பெயரை நான் படித்தது அதுதான் முதல் தடவை. அதற்குக் கீழே, கணவர் பெயர் என்று போட்டு, வெள்ளையன். கடைசி வரைக்கும் என் பெயரை நீ வாயால் சொன்னதே இல்லை. செல்வி அப்பா, செல்வி அப்பா என்றே காலத்தை ஓட்டினாய். இப்போது பார், நம் இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில்.

ஆனால் அதோடு நான் திரும்பி வருவதற்கான காரணமும் போய்விட்டது. "வேற ஏதாவது யோசிச்சிக்கினு வாங்க. இல்லன்னா ரிஜக்ட்தான்" என்றார் பாய். மலை ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு காரணம் தெரிந்தது. சாமைக் கொல்லை தெரிந்தது. பலா மரம் தெரிந்தது. நம் கூரைமேல் மேகம் இறங்குவது தெரிந்தது. வளைவு திரும்பியதும் எல்லாம் வெள்ளையாகப் போய்விட்டது. மேகத்துக்கு யார் சீல் போட்டுக் கொடுப்பார்கள்? செல்விக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போகாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுமாம்.

அன்று சாயங்காலம் வகுப்பில் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் விசாரித்தார். சொன்னேன். "ஏன், உங்க படிப்பு பாதியில இருக்குதே, அது காரணம் இல்லியா? பரீட்ச எழுதாம எங்க போய்டுவீங்க?" என்றார். பள்ளிக்கூடத்துத் தாளிலேயே எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். வெள்ளையன் என்பவர் எங்கள் வகுப்பில் படிக்கிறார், நல்ல நடத்தை உள்ளவர், பரீட்சைக்குத் திரும்பி வர வேண்டியவர் என்று.

பாய் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கீங்களா? இந்த வயசுல போனஃபைடு வாங்கினு வந்த ஆளு நீங்கதாங்க. ஃபெயில் மட்டும் ஆயிடாதீங்க, என் கட பேரு கெட்டுடும்." அதை இங்கிலீஷில் மாற்றி மற்றக் காகிதங்களோடு சேர்த்தார். நீ இறந்துவிட்டாய் என்றும், நான் விதைக்கிற காட்டில் இருக்கிறாய் என்றும், இரண்டையும் சேர்த்து ஒரு வரி எழுதினாராம். எப்படி எழுதினார் என்று தெரியவில்லை.

மெட்ராஸில் ஒரு பெரிய கட்டடத்தில் போட்டோ எடுத்தார்கள். "சிரிக்காதீங்க ஐயா" என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்படி முடியும்? எனக்கு முன்னால் கோட்டு போட்டவர், கண்ணாடி போட்டவர் எல்லாரும் வரிசையாக நின்று மிஷினில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்! கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு நான் போனால், அங்கே எல்லாரும் கைநாட்டு. களை பறித்துத் தேய்ந்த என் விரலை மட்டும் மிஷின் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஏற்றுக்கொண்டது.

விசா வந்துவிட்டது அஞ்சலை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறது. இங்கிலீஷில் இருப்பதால் எனக்குப் படிக்க வராது. வருகிற வாரம் புறப்படுகிறேன். மருந்துக்கு வேண்டியதைப் பூங்காவனம் இடித்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வலி வரும்போது வீட்டு ஆட்கள் கூடவே நிற்கலாமாம். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. செல்வி பிறந்த அன்று நான் வேலி ஓரம் நின்றிருந்தேன். உள்ளே நீ அம்மா, அம்மா என்று கத்தியது கேட்டது. உன் அம்மா திருப்பி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னார்? அப்போதே உன்னைக் கேட்டு வைத்திருக்கலாம்.

திரும்பி வருவேன் என்பதற்கு அவர்களுக்குத்தான் காகிதம் வேண்டும். உனக்கு வேண்டாம். சாமை விதைப்பதற்குள் வந்துவிடுவேன். உனக்கு நான் செய்து கொடுக்க வேண்டிய சத்தியம் வேறு. எந்த ஊருக்குப் போனாலும், எவ்வளவு படித்தாலும், வலியில் யாரும் அப்பா என்று கத்துவதில்லை. நம் மகளும் அம்மா என்றுதான் கத்துவாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அவள் அம்மா என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், "இன்னாடா கண்ணு, இங்கதான் இருக்கேன்" என்று நான் பதில் சொல்வேன்.

நீ கூப்பிட்டபடியே கையெழுத்துப் போடுகிறேன்,
செல்வி அப்பா